காலி வரி

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம்.
ஷிஃப்ட் மாறும்போது பதிவேட்டில்
ஒரு வரியைக் காலியாக விடுவோம்,
எண் மட்டும் போட்டு, நேரம் போடாமல்,
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி.
யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை.

கிசுமுவில் அந்த வியாழன் இரவு
நாற்பத்தைந்து: மீன் சந்தையில் தராசு திருட்டு.
நாற்பத்தாறு காலி.
நாற்பத்தேழு: மின்சாரம் போனது, 2.10.

இடையில் வந்தவன் ஒபியெரோ.
பைக் டாக்சி ஓட்டுபவன். இருபத்து மூன்று வயது.
ஏரிச்சாலையில் தடுப்பு வைத்திருந்தோம்.
பைக்குக்கு ஐம்பது ஷில்லிங்.
எந்தச் சட்டத்திலும் இல்லாத வரி,
எல்லோரும் கட்டுகிற வரி.
கட்டினான். கட்டிவிட்டு ரசீது கேட்டான்.
சிரித்துக்கொண்டேதான்.
இதை இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை:
பல் தெரிய, உள்ளங்கையை நீட்டி,
மளிகைக் கடையில் கேட்பது போலக் கேட்டான்.

பின்கட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை.
மேசையில் இருந்தேன்.
ரேடியோவைக் கூட்டி வைத்தது யார் என்று கேட்டால்
நான்தான்.
கால்பந்து. யாரோ கோல் போட்டார்கள்.

விடியும்போது இன்ஸ்பெக்டர் வந்தார்,
கை கழுவிய ஈரத்தோடு.
ஏட்டில் சொட்டிவிடாமல் தள்ளி நின்று
சொல்லச் சொல்ல எழுதினேன்:
"46. இரவு 9.40. ஒபியெரோ எச்சரித்து விடுவிக்கப்பட்டார்.
உடைமைகள் திருப்பித் தரப்பட்டன.
கைபேசி ஒன்று, பணம் முந்நூற்று இருபது,
தலைக்கவசம் ஒன்று.
நல்ல உடல்நிலையில் நடந்து சென்றார்."

அந்த 'நடந்து' என் சொந்தச் சேர்க்கை.
அவர் 'சென்றார்' என்றுதான் சொன்னார்.
சொன்ன வாய்க்கு ரேகை கிடையாது.
எழுதிய கைக்கு உண்டு.

சனிக்கிழமை, வெங்காயத்தாமரையை விலக்கி
வலை போடப் போனவர்கள் அவனைக் கண்டார்கள்.
அறுபத்தெட்டு: அடையாளம் தெரியாத ஆண் உடல்.
அதுவும் என் கையெழுத்து.

நைரோபியிலிருந்து விசாரிக்க இருவர் வந்தார்கள்.
பக்கத்தைப் படம் எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள்.
எண்கள் வரிசையாக இருந்தன.
இரண்டு வரிக்கு நடுவே ஐந்து வரி நசுங்கிக் கிடந்ததை
கண்ணாடி போட்டவர் சற்று நேரம் பார்த்தார்.
பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்து வாரம் கழித்து அவிதி வந்தாள்.
புகார் சொல்ல இல்லை.
அதை ஆறு மேசைகளில் சொல்லி முடித்திருந்தாள்.
தம்பியின் பைக் கடனில் பதினோரு தவணை பாக்கி.
இனி அவளே ஓட்டப்போகிறாள்.
"தலைக்கவசம் வேண்டும்.
அதோ இருக்கிறதே."

இருந்தது.
என் தலைக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே, ஆணியில்.
சிவப்பு. பின்புறம் ஒளிரும் பட்டை.
நாங்கள் அதில் சாவிக்கொத்து போட்டு வைத்திருந்தோம்.

எடுத்துக் கொடுத்தேன். போய்விடுவாள் என்று நினைத்தேன்.
"எழுதித் தாருங்கள்" என்றாள்.
"வழியில் நிறுத்துவார்கள். திருட்டுப் பொருள் என்பார்கள்.
ரசீது வேண்டும்."
அவள் சிரிக்கவில்லை.

திருப்பித் தரப்பட்டுவிட்ட ஒன்றை
எப்படித் திருப்பித் தருவது?
பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன்.
இதைத் தைரியம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.
பொருள் வெளியே போனால் பதிய வேண்டும், விதி அது.
விதியை நான் பின்பற்றிய ஒரே நாள்.

"12. காலை 11.25. ஒபியெரோவின் தலைக்கவசம், சிவப்பு,
இன்றுவரை இந்நிலையத்தில் இருந்தது.
அக்கா அவிதியிடம் ஒப்படைக்கப்பட்டது."
என் பெயர். என் எண்.
கார்பன் நகலைக் கிழித்து நீட்டினேன்.

மேசையில் கொட்டிய சாவிகளின் சத்தம்
உள்ளறைக்குக் கேட்டிருக்க வேண்டும்.
நாற்காலி நகர்ந்தது.
அவள் நின்ற இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து.
'இருந்தது' என்ற இடத்தில்
விரல் நின்றது.
கதவுப் பிடி திரும்பியது.
அவள் இன்னும் எடுக்கவில்லை.